சன்னியை விற்பதா? முதலில் 11.30 மணியைப் பாருங்கள்

சாம்பல்தீவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு வருகிற ஜனவரியில் தரம் 1. பாடசாலை திருகோணமலை நகரத்துக்குள், வீட்டிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர். வீட்டில் நிற்பது 1997 ஆம் ஆண்டு நிசான் சன்னி, மாமனார் வாங்கி வைத்துவிட்டுப் போனது. ஒக்டோபர் மழையில் அது இரண்டு தடவை நடுவழியில் நின்றுவிட்டது. கணவர் அதைக் கொடுத்துவிட்டு லீசிங்கில் ஒரு ஹைப்ரிட் (பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள கார்) எடுக்கலாம் என்கிறார். பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் காரை மாற்றுவது சரியா, சரி என்றால் எதை எடுப்பது? கேள்வி இவ்வளவுதான்.

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் தங்கச்சி என்று அழைக்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் எழுத்தை இரண்டு தரம் வாசித்தேன். கார்களின் பெயர் அதில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. "பிள்ளையோடு நடுவீதியில் நின்றால் என்ன செய்வேன்" என்பது மூன்று இடத்தில் வருகிறது. ஆகவே இந்தக் காரை நம்பிப் பிள்ளையை ஏற்றலாமா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கும் கீழே நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. கணவருக்கு வேலை சீனன்குடாவில். காலையில் போகிற வழியில் மகளை இறக்கிவிடுவார். உங்களுக்குக் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இல்லை, ஸ்கூட்டி மட்டும் ஓட்டுவீர்கள். தரம் 1 பிள்ளைகளை 11.30 மணிக்கு விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் கார், சன்னியானாலும் சரி புது ஹைப்ரிட்டானாலும் சரி, சீனன்குடாவில் ஏதோ ஒரு வேப்பமர நிழலில் நிற்கப்போகிறது. இதைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் காரைப் பார்ப்போம், அது எனக்குக் கைவந்த விடயம்.

1996 முதல் இந்த ஊரில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். மனைவி ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பெரும்பாலும் தரம் 1 வகுப்பையே எடுத்தவர். வாகனத்தைப் பற்றிக் கீழே இருப்பது என்னுடையது. பாடசாலையைப் பற்றி இருப்பது அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது.

மழையில் நின்றதைப் பற்றி. அந்த வயதுச் சன்னிகளில் பெரும்பாலும் இருப்பது ஜிஏ 15 எஞ்சின். உழைப்பாளி. டைமிங் பெல்ட் அறுந்து நடுத்தெருவில் விடும் சாதியும் இல்லை, அதற்குள் ஓடுவது செயின். அதன் பலவீனம் டிஸ்ரிபியூட்டரில்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்தப் பகுதியின் மூடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்திருக்கும். வெயிலில் ஒன்றும் தெரியாது. மழையில் ஈரம் இறங்கியதும் மின்பொறி போக வேண்டிய பிளக்குக்குப் போகாமல் குறுக்குவழி தேடும். கார் இருமும், குலுங்கும், நின்றுவிடும். எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் ஒன்றுமே நடவாதது போல ஸ்டார்ட் ஆகும். "அரை மணித்தியாலம் நின்ற பிறகு தானாகவே வேலை செய்தது" என்று நீங்கள் எழுதியிருப்பது அச்சுப் பிசகாமல் இந்தக் கதைதான். பெற்றோல் பம்பும் இப்படி நடிக்கும் என்றாலும் அது மழை பார்த்து நடிப்பதில்லை.

காரைக் கண்ணால் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள். உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. இரவில் பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது மெக்கானிக் வயர்களின் மேல் மெல்லத் தண்ணீர் தெளித்தால், ஒழுகும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது தெரியும். அதை நீங்கள் செய்ய வேண்டாம், அடித்தால் ஆளைத் தூக்கி வீசும் மின்சாரம் அது. மூடி, உள்ளே சுழலும் ரோட்டர், நான்கு வயர், நான்கு பிளக், இவற்றை மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மாற்றி ஒன்றை விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி வருவீர்கள். எஞ்சினின் சுழற்சியை அளக்கும் சென்சரும் இந்த எஞ்சினில் டிஸ்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது பழுதென்றால் முழு டிஸ்ரிபியூட்டரையும் மாற்ற வேண்டும், செலவு கூடும். அப்படிக் கூடினாலும் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் லீசிங்கின் ஒரு மாதத் தவணையை அது எட்டுமா என்பதே சந்தேகம்.

உங்கள் கார் எங்கே நின்றுபோனது என்பதை விட, இத்தனை வருடமும் அது எங்கே வசித்தது என்பதுதான் எனக்குக் கவலை. சாம்பல்தீவு, உப்புவெளி, நிலாவெளி, இந்தக் கரையில் காற்றே உப்புத்தான். கொழும்பில் முப்பது வருடம் ஓடுகிற தகரம் இங்கே இருபதில் பிஸ்கட்டாகிவிடும். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் போடலாம், உடல் போனால் போட ஒன்றுமில்லை. ஆகவே மெக்கானிக்கிடம் போகும்போது எஞ்சினோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே தரைவிரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள், நான்கு மூலையிலும். பொனட்டுக்குள் முன் ஷொக் அப்சோபர்கள் வந்து பொருந்தும் இரண்டு வட்டமான இடங்களையும் பாருங்கள். காரை உயர்த்தி, கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பை ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகரம் மணி போலச் சொல்லும், கெட்டது நனைந்த அட்டைப்பெட்டி போலச் சொல்லும். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய்கள் கரகரவென்று துருவேறியிருந்தால் அவற்றை அன்றே மாற்ற வேண்டும், மறுநாள் என்று வைக்கக் கூடாது.

உப்பைப் பற்றி நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு என் கராஜ் வாசலில் நின்ற வாகனங்களை இன்னும் மறக்கவில்லை. கடல் ஏறி இறங்கிய வாகனங்கள். நல்ல தண்ணீரால் கழுவினோம், எண்ணெயெல்லாம் மாற்றினோம், அநேகமானவை ஓடின. வெற்றி என்றுதான் நினைத்தோம். ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. வெளியே பளபளப்பு, உள்ளே வயர்க் கற்றைகள் பச்சை பிடித்து, தொட்டால் உதிரும். சில வாகனங்கள் அதற்குள் கைமாறிவிட்டிருந்தன. வாங்கியவர் குருநாகலில் இருந்திருக்கலாம், மாத்தறையில் இருந்திருக்கலாம். அவருக்குத் தான் ஒரு கடலை வாங்கியிருப்பது தெரியாது. அன்றிலிருந்து பெயின்டைப் பார்த்து வாகனத்துக்கு விலை சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

தரையும் அந்த இரண்டு வட்டங்களும் உறுதியாக இருந்தால் இந்தக் காரில் உங்கள் மகளை ஏற்றலாம், தயக்கமில்லாமல் சொல்கிறேன். டிஸ்ரிபியூட்டர் வேலை, பிரேக், பழைய ரயர்களுக்குப் பதில் புது ரயர், கண்ணாடி துடைப்பானுக்குப் புது ரப்பர், அவ்வளவு போதும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. பூப்போட்ட மாதிரிப் பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் கடந்த ரப்பர் மழையில் பிடிக்காது. அதே நேரம், அந்த வட்டங்களில் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தால் நான் சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். அதில் பிள்ளையை ஏற்றவும் வேண்டாம், ஒட்டுப்போட்டு இன்னொருவருடைய பிள்ளைக்கு விற்கவும் வேண்டாம்.

இனிக் கணக்கு. வீட்டிலிருந்து பாடசாலை வழியாகச் சீனன்குடாவுக்கு ஒரு வழிக்கு 16 கிலோமீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். போய்வர 32. மாதம் 20 நாள் என்றால் 640 கிலோமீற்றர். நல்ல நிலையில் இருக்கும் சன்னி இந்த வீதியில் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் தரும் என்று வைத்தால் மாதம் 58 லீற்றர். நல்ல ஹைப்ரிட் 20 தரும் என்று வைத்தால் 32 லீற்றர். மிச்சம் 26 லீற்றர். பெற்றோலை 300 ரூபாய் என்று கணக்குப் பார்த்தால் மாதம் 7,800 ரூபாய். இப்போது மறுபக்கம். 30 இலட்சம் ரூபாயை ஆண்டு வட்டி 14 வீதத்தில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 70,000 ரூபாய், கட்டி முடிக்கும்போது 42 இலட்சம். வட்டி வீதம் நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்துக் கூடும் குறையும், நான் எடுத்தது உதாரணத்துக்கு. லீசிங் வாகனத்துக்கு முழுக் காப்புறுதி போடச் சொல்வார்கள், மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு ஓடித்திரிய விடமாட்டார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க ஹைப்ரிட் எடுக்கிறோம் என்று கணவர் சொன்னால், 7,800 ஐ மிச்சம் பிடிக்க 70,000 கட்டுகிறோம் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். சண்டை பிடிக்கிற மாதிரி இல்லாமல், தேநீர் கொடுத்துவிட்டு.

கணவர்மாருடைய கணக்கில் எழுதப்படாத வரி ஒன்றும் இருக்கும். பாடசாலை வாசலில் காலையில் வந்து நிற்கும் வாகன வரிசை அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். ஐந்து வருடம் எல்லோரும் பழையதையே ஓட்டினோம், யாருக்கும் வெட்கமில்லை. இப்போது அந்த வரிசையில் புதுசு ஒன்றிரண்டு தெரியத் தொடங்கியதும் சன்னிக்காரர் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறார். நான் கிண்டல் செய்யவில்லை. நானும் தள்ளி நிறுத்தியவன்தான்.

என் மூத்த மகன் 2003 இல் முதலாம் வகுப்புக்குப் போனான். சமாதான காலம். பாதைகள் திறந்து, வாகனங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. மெக்கானிக்கின் பிள்ளை பழைய மொரிஸ் மைனரில் போய் இறங்குவதா என்று எனக்கு ரோசம். அதைக் கொடுத்துவிட்டு, தவணைக்கு ஒரு டவுன் ஏஸ் வேன் எடுத்தேன். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் தேசிக்காய் நசுக்கிக் கற்பூரம் காட்டியாயிற்று. பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் வாரம் முழுவதும் மகன் வாசலில் அழுதான். அதற்கு வேன்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், பழைய வாகனங்களில் வந்த பிள்ளைகளும் அழுதார்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது வேறு. தவணைக்காக அந்த வருடம் இரவு ஒன்பது மணிவரை கராஜில் நின்றேன். அவனுடைய கொப்பியை ஒருநாளாவது திறந்து பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. 2006 இல் நிலைமை கெட்டு ஓட்டம் நின்றபோது வேனை வந்த விலைக்குக் கொடுத்தேன், தவணை மட்டும் இன்னும் சில மாதம் ஓடியது.

சரி, 11.30. பாடசாலை 7.30 க்குத் தொடங்கும், தரம் 1, தரம் 2 பிள்ளைகளை 11.30 க்கு விடுவது வழமை. உங்கள் பாடசாலையின் நேரத்தை அதிபரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சீனன்குடாவிலிருந்து கணவர் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் வந்துபோக எந்த மேலதிகாரியும் விடமாட்டார். அப்படியானால் மகளைக் கூட்டிவருவது நீங்கள் அல்லது வேறொருவர். நீங்கள் என்றால் ஸ்கூட்டி. ஜனவரி இந்தக் கரைக்கு வடகீழ்ப் பருவமழை விடாத மாதம். நிலாவெளி வீதியில் வாகனங்கள் காற்றாகப் போகும். எட்டுக் கிலோமீற்றர் ஈர வீதியில், நித்திரை தூங்கும் ஐந்து வயதுப் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு வருவதை நான் விரும்பமாட்டேன். வேறு வழியில்லை என்றால் பிள்ளையின் தலைக்கு அளவான தலைக்கவசம் வாங்குங்கள். உங்களுடைய பழையதை அவளுக்கு மாட்டினால், விழும்போது அது ஒரு பக்கம் போகும், பிள்ளை ஒரு பக்கம் போகும்.

வேறொருவர் என்றால் பாடசாலை வேன் அல்லது தெரிந்த ஓட்டோக்காரர். இந்த ஏற்பாட்டை ஜனவரியில் தேடாதீர்கள், இப்போதே தேடுங்கள். நல்ல வேன்காரரிடம் டிசம்பரிலேயே இடம் நிறைந்துவிடும். கேட்க வேண்டியது கட்டணத்தை மட்டும் இல்லை. 11.30 க்கு ஒரு ஓட்டம் இருக்கிறதா, அல்லது பெரிய வகுப்புகள் விடும் 1.30 வரை சின்னதுகளை வாசலில் வைத்திருப்பாரா? எத்தனை ஆசனம், எத்தனை பிள்ளைகள்? ஒருநாள் போய் நின்று நீங்களே எண்ணுங்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகளையும் பறிகொடுத்த மாவட்டம் இது. "கொஞ்சம் நெருக்கி இருக்கலாம்" என்று யாராவது சொன்னால் என்னால் சிரிக்க முடிவதில்லை. கதவைப் பாருங்கள், உள்ளிருந்து பிள்ளை திறக்க முடியாதபடி பூட்டு வேலை செய்கிறதா என்று. ரயரைப் பாருங்கள், எண்ணைப் படிக்கத்தான் இப்போது உங்களுக்குத் தெரியுமே.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். நீங்கள் கார் ஓட்டப் பழகுங்கள். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதிப்பத்திரம், அதன் பிறகு மூன்று மாதமாவது கழித்து ஓட்டப் பரீட்சை. இன்று தொடங்கினால் முதலாம் தவணை விடுமுறையோடு அனுமதிப்பத்திரம் கையில் இருக்கக்கூடும். பழக இந்தச் சன்னியை விட நல்ல வாத்தியார் கிடையாது. மதிலில் உரசினால் யாரும் அழமாட்டார்கள். தவணை ஓடும் ஹைப்ரிட்டில் முதல் கீறல் விழும் நாளில் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கியர் காரில் பரீட்சை எடுத்தால் இரண்டு வகையும் ஓட்டலாம், ஓட்டோ கியரில் எடுத்தால் அதோடு நிற்க வேண்டும். கணவர் சீனன்குடாவுக்கு ஸ்கூட்டியில் அல்லது பஸ்ஸில் போகச் சம்மதித்தால் கார் வீட்டில் நிற்கும், 7.30 உம் 11.30 உம் உங்கள் கைக்கு வரும். சம்மதிப்பாரா என்பது எனக்குத் தெரிந்த இயந்திரங்களுக்கு அப்பாற்பட்டது.

மனைவி சொல்வது இது. முதல் கிழமைகளில் தரம் 1 இல் எழுத்துப் பாடம் என்று பெரிதாக நடக்காது. பிள்ளையை இனங்காணும் செயற்பாடுகள், விளையாட்டு, பாட்டு, பிறகு புதுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா. அந்த நாட்களில் பிள்ளைக்கு உலகமே புதிது. மணிச் சத்தம், நீண்ட மண்டபம், பெயர் தெரியாத நாற்பது முகங்கள். வீட்டுப் பக்கத்தில் ஏதாவது மாறாமல் இருந்தால் நல்லது என்பது அவருடைய அனுபவம். கார் மாறினால் பிள்ளை பாதிக்கப்படும் என்று அவர் சொல்லவில்லை, யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம் என்கிறார். கூட்டிப்போக யார் வருவார் என்பது நாளுக்கு நாள் மாறுவதுதான் பிள்ளையைக் குழப்பும். திங்கள் அப்பா, செவ்வாய் ஓட்டோ மாமா, புதன் பெரியம்மா என்று வந்தால் பிள்ளை பத்து மணியிலிருந்தே வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடும். யாராவது ஒருவர், ஒரே இடத்தில், 11.25 க்கே நிற்க வேண்டும். புத்தகங்களுக்குச் செலவில்லை, 1980 முதல் அரசு இலவசமாகவே தருகிறது. ஆகவே கையில் இருக்கும் காசை விலை கூடிய புத்தகப்பையில் கொட்டாமல், பிள்ளை தானாகத் திறந்து மூடக்கூடிய தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் வாங்கி, டிசம்பரிலேயே பழக்குங்கள் என்கிறார். முப்பது மூடி திறந்து கொடுத்த கையோடுதான் அவர் ஒவ்வொரு ஜனவரியும் வீடு வருவார்.

இத்தனைக்கும் பிறகு தரை உளுத்துப்போய், மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால் இரண்டு விடயம் சொல்கிறேன். ஹைப்ரிட் என்ற சொல் ஒன்றுதான், பொருள் பல. சுசுகி வேகன் ஆர் இனத்தில் வருவது 658 சிசி எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன மோட்டார்தான். பற்றரியும் சிறியது. டொயோட்டா அக்வா உண்மையான ஹைப்ரிட். 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்தது, நல்ல வாகனம், ஆனால் முதலாண்டுகளில் வந்தவற்றின் 144 வோல்ட் பற்றரிக்கு இப்போது பத்து வயதுக்கு மேல். அந்தப் பற்றரி பின் இருக்கையின் கீழே இருக்கிறது. அதைக் குளிர வைக்கும் காற்று, இருக்கையின் அடியிலுள்ள துவாரம் வழியாக உள்ளே போகிறது. குடும்பங்கள் ஓட்டிய அக்வாக்களில் அந்தத் துவாரத்தைத் திறந்தால் பிஸ்கட் தூள், தலைமயிர், பென்சில் சீவல், ஒருமுறை ஒரு சின்னச் சொக்ஸ். காற்றில்லாமல் பற்றரி வேகிறது. வாங்கும் முன் ஸ்கேனர் போட்டு, பற்றரியின் பகுதிகளுக்கிடையே வோல்டேஜ் எவ்வளவு வேறுபடுகிறது என்று ஓட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள், நின்ற நிலையில் எல்லாப் பற்றரியும் நல்ல பிள்ளைதான். 2013 இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைப்ரிட்டின் கியர்ப்பெட்டி விவகாரத்துக்காக ஜப்பானிலேயே ஓர் ஆண்டு சொச்சத்துக்குள் பல தடவை திருப்பி அழைத்தார்கள். அதை எடுப்பதானால் அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று பாருங்கள். மழைவெள்ளத்தில் ஹைப்ரிட்டை இறக்குவதும் சன்னியை இறக்குவதும் ஒன்றல்ல. இருக்கைக்குக் கீழே தண்ணீர் ஏறினால் செலவு வேறு தரத்துக்குப் போய்விடும்.

மற்றது காகிதம். பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனம் ஒன்றின் பெயர் இன்னும் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான விடுவிப்பு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடும் பழக்கம் இங்கே நிறைய. விற்பவராக நீங்கள் இருந்தால் அது இன்னும் ஆபத்து. உங்கள் சன்னி நாளை எங்கேயாவது ஒருவரை மோதினால் பொலிஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுங்கள். மாமனார் பெயரிலேயே இன்னும் பதிவு கிடந்தால், விற்பதோ வைத்திருப்பதோ, அதை முதலில் சரிசெய்ய வேண்டும். உங்கள் எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் கிடக்கும் போல் எனக்குத் தோன்றுகிறது.

எந்தக் காரானாலும் மகள் பின் இருக்கையில்தான். பெரியவர்களுக்கான இருக்கைப் பட்டி ஐந்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் போய் அறுக்கும். பட்டி தோளின் நடுவே வரும்படி உயர்த்தும் ஆசனம் ஒன்று போடுங்கள், ஏறக்குறைய 145 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை அது தேவை. அந்த வயதுச் சன்னியில் பின்பக்கப் பட்டிகள் இருக்கைக்குள் புதைந்து, யாரும் தொடாமல் கிடக்கும். இழுத்து எடுத்து, பூட்டிப் பாருங்கள். பூட்டு விழவில்லை என்றால் டிஸ்ரிபியூட்டருக்கு முன் அதை மாற்றுங்கள்.

இந்தச் சனிக்கிழமை வெயில் எறித்தால் தரைவிரிப்பைத் தூக்கிவிடுங்கள். கீழே என்ன இருக்கிறது என்று படம் எடுத்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். மேலிருந்து எடுக்காமல், டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள், அப்போதுதான் துருவின் புடைப்புத் தெரியும். ஓட்டுநர் பக்கம், மிதிகளுக்குக் கீழே இருக்கும் மூலையை மறக்க வேண்டாம்.